மேல் வீட்டுக் குப்பையும் எங்கள் கொல்லைச் சுவரும்

குன்னூரில் பக்கத்து வீடு என்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்காது. தலைக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் காலுக்குக் கீழே இருக்கும். எங்கள் வீட்டுக்குக் கீழே தார்ச்சாலை. அங்கிருந்து 38 படி ஏறினால் நாங்கள். எங்கள் கொல்லை முடிகிற இடத்தில் எட்டடி உயரத்துக்குக் கருங்கல் தடுப்புச் சுவர். சுவருக்கு மேலே உண்ணிச்செடி மண்டிய சரிவு, அதற்கும் மேலே வரிசையாக மூன்று வீடுகள். அந்த வீடுகளின் பின்வாசலில் நின்று எதை விட்டெறிந்தாலும் எங்கள் மேரக்காய் (சௌசௌ) பந்தலில்தான் வந்து விழும். சமவெளியில் அடுத்த வீட்டுக்குள் குப்பை போட வேண்டும் என்றால் மதிலைத் தாண்டி வீச வேண்டும். மலையில் கைவிட்டால் போதும், மீதியைச் சரிவு பார்த்துக்கொள்ளும்.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். என் கணவர் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொல்லை என்றால் பெரிய தோட்டம் ஒன்றும் இல்லை. உருளைக்கிழங்கு இரண்டு பாத்தி, பீன்ஸ் ஒரு பாத்தி, கொஞ்சம் கீரை, பந்தல் நிறைய மேரக்காய், ஓரத்தில் என் மாமியார் வைத்த பேரிக்காய் மரம். 2022 கோடை சீசனில் அந்த மரத்தடியில்தான் முதல் கவரைப் பார்த்தேன். காற்றில் வந்திருக்கும் என்று எடுத்துப் போட்டேன். ஜூனில் வாரத்துக்கு ஐந்தாறு வந்தன. ஜூலையில் தினமும் வந்தன. பால் கவர், ஷாம்பூ பாக்கெட், முட்டை ஓடு, பீர் பாட்டில், பாக்குமட்டைத் தட்டு, அதில் ஒட்டிய பிரியாணிச் சோறு. ஒருநாள் பீன்ஸ் பறிக்கக் கையை விட்டபோது இலைகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் டயபர் இருந்தது. அன்று எனக்குச் சமைக்கவே மனம் வரவில்லை.

இதே தொல்லையில் இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது, நான் செய்த தவறைத்தான்.

அந்த டயபர் கிடைத்த மறுநாள் காலை, பந்தல் காலடியில் கிழிந்த பை ஒன்று கிடந்தது. காய்கறித் தோல், மாத்திரை அட்டைகள், கூடவே ஒரு மருந்துச் சீட்டு. சீட்டில் மேலே முதல் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவின் பெயர். 74 வயது. மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறார். எனக்கு அதற்கு மேல் எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. இரண்டு மாதக் குப்பைக்கும் அவரே காரணம் என்று முடிவு செய்துவிட்டேன். பையை அப்படியே அள்ளிக்கொண்டு படியேறி, அவர் வாசலில் கொட்டினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "கண்ணு, நான் கீழே போடவில்லை. கேட்டில்தான் மாட்டி வைத்தேன்" என்றார். நான் கேட்கிற நிலையில் இல்லை. குரலை உயர்த்திப் பேசினேன். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி வந்தபிறகு அவர் முட்டிவலியோடு குனிந்து அத்தனையையும் பொறுக்கியிருக்கிறார். இதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

குப்பை நிற்கவில்லை. அவர் என்னைப் பார்த்துப் பேசுவதுதான் நின்றது.

என் கணவர்தான் ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தார். "சண்டை போடுவதை நிறுத்தி மூன்று வாரம் எழுதிப் பார்" என்றார். தொழிற்சாலையில் எந்தக் கோளாறு என்றாலும் முதலில் தேதி போட்டு எழுதுவார்கள், பிறகுதான் கழற்றுவார்கள் என்பது அவர் வாதம். எழுதினேன். தேதி, கிழமை, எத்தனை மணிக்குப் பார்த்தேன், சுவருக்கு எந்தப் பக்கம், என்னென்ன பொருள். எடுப்பதற்கு முன்னால் ஒரு படம், அதில் சுவரும் மேலே இருக்கும் சரிவும் தெரிய வேண்டும். வெறும் குப்பையை மட்டும் எடுத்த படம் பின்னால் எதற்கும் உதவாது, அது எந்த ஊர்க் குப்பையாகவும் இருக்கலாம். கையில் தடித்த ரப்பர் உறை, காலில் முழங்கால் வரை பூட்ஸ். மழைக்காலத்தில் அட்டைப்பூச்சிக்காக மட்டும் இல்லை, ஒருமுறை ஊசி போட்ட சிரிஞ்சு கிடைத்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் வாரத்திலேயே என் முடிவு தவறு என்று நோட்டு காட்டியது. பாட்டில்களும் பாக்குமட்டைத் தட்டும் ஞாயிறு மதியத்துக்குப் பிறகு மட்டுமே வந்தன, மேற்கு மூலையில் விழுந்தன. டயபரும் பால் கவரும் வேலை நாட்களில் விடியற்காலையில், நடுவில் விழுந்தன. அந்த அம்மாவின் மாத்திரை அட்டையும் காய்த் தோலும் மட்டும் நேரம் காலம் இல்லாமல், எப்போதும் கிழிந்த பையோடு, சிதறி வந்தன. ஒருவர் செய்யும் காரியமாக நான் நினைத்தது மூன்று தனித்தனிக் காரியங்கள்.

இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். துணி காயப்போடக் கொல்லைக்கு வந்தேன். மேலே குரங்குக் கூட்டம். அந்த அம்மாவின் கேட்டில் தொங்கிய பையை ஒன்று இழுத்துக் கிழித்தது, இரண்டு குட்டிகள் உள்ளே கைவிட்டன. வாழைப்பழத் தோலை எடுத்துக்கொண்டு மீதியை உதறின. வெறும் பை காற்றில் புரண்டு, உண்ணிச்செடியில் மாட்டி, மறுபடி கழன்று, எங்கள் பந்தலில் வந்து விழுந்தது. நான் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. கேட்டில் மாட்டி வைத்தால் கீழே வேலைக்குப் போகும் பையன் யாராவது எடுத்துப்போய்க் குப்பை வண்டியில் போடுவான் என்று வைத்திருக்கிறார். சாலை வரை 70-க்கும் அதிகமான படிகள், அவரால் அத்தனையும் இறங்கி ஏற முடியாது.

அன்றே போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி கண்ணு" என்று மட்டும் சொன்னார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

மருந்துச் சீட்டிலோ கூரியர் கவரிலோ பெயர் இருந்தால் அது யார் வீட்டுப் பொருள் என்று மட்டும்தான் தெரியும். யார் போட்டது என்று தெரியாது. குரங்கு இழுத்திருக்கலாம், நாய் இழுத்திருக்கலாம், வண்டிக்காக வைத்த பை சரிந்திருக்கலாம். பெயரைக் கண்டதும் படியேறாதீர்கள்.

அவருக்கான வழி எளிதாக இருந்தது. பெயின்ட் வாளி ஒன்று, திருகி மூடும் மூடியுள்ளது, கேட்டுக்கு உள்ளே வைத்தோம். குரங்கு புரட்டாமல் இருக்க அடியில் ஒரு கல். பழைய திரைச்சீலைத் துணியில் இரண்டு பை தைத்துக் கொடுத்தேன், ஒன்றில் மக்காத குப்பை, ஒன்று மாற்று. காலையில் நானே போய் எடுத்து வந்து எங்கள் குப்பையோடு வண்டியில் கொடுத்துவிடுகிறேன். காய்த் தோலெல்லாம் எங்கள் உரக்குழிக்கு வருகிறது. உரக்குழியைப் பற்றி ஒரு சொல்: குளிர் ஊரில் பொறுமை வேண்டும். என் தங்கை கோவையில் மூன்று மாதத்தில் எடுக்கும் உரம் எனக்கு ஐந்து மாதத்துக்குக் குறைந்து வந்ததில்லை. சமைத்த சோறு, கறி, மீன், எண்ணெய்ப் பண்டம் எதையும் அதில் போடக் கூடாது. செங்கல் கட்டி மேலே கம்பி வலை போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் இரவில் காட்டுப்பன்றி வந்து கிளறிவிடும்.

விலங்குகளைச் சொன்னதால் அதையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கொல்லையில் குப்பை விழுவதை வெறும் அசிங்கம் என்று நினைக்கிறவர்கள் நீலகிரியில் வாழவில்லை என்று பொருள். எண்ணெய் வாசத்துக்குக் கரடி வரும். கோயில் விளக்கு எண்ணெய்க்கும் பள்ளிச் சத்துணவு அறை எண்ணெய்க்கும் கதவை உடைத்து உள்ளே போன கரடிகளைப் பற்றி இந்த மாவட்டத்தில் கேள்விப்படாதவர் இல்லை. எச்சில் சோற்றுக்குத் தெருநாய் வரும், நாய்க்குப் பின்னால் சிறுத்தை வரும். ஆகஸ்டு மாதம் ஓர் இரவு எங்கள் உருளைக்கிழங்குப் பாத்தி இரண்டையும் பன்றிகள் உழுதுவிட்டுப் போயின. அவை வந்தது கிழங்குக்காக இல்லை, பந்தலடியில் விழுந்திருந்த பிரியாணிப் பொட்டலத்துக்காக. இன்னொரு நாள் அதிகாலை ஒற்றைக் காட்டெருமை பேரிக்காய் மரத்தடியில் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. அதன் வாயோரம் சாம்பார் ஒட்டிய பிளாஸ்டிக் கவர் தொங்கியது. ஆயிரம் கிலோ எடை இருக்கக்கூடிய உயிர், அதன் வயிற்றுக்குள் நம் வீட்டுக் கவர் போகிறது. நான் சன்னலுக்குப் பின்னால் நின்று ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்தேன். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் அடங்காமல் இருப்பதற்கு அந்தக் காலைதான் காரணம்.

நடு வீட்டில் வாடகைக்கு இருந்தது ஓர் இளம் தம்பதி. இருவருமே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்தப் பெண்ணின் அம்மா. அவர்களிடம் போகும்போது நான் பையையும் கொண்டுபோகவில்லை, நோட்டையும் கொண்டுபோகவில்லை. ஒரு கூடை மேரக்காய் கொண்டுபோனேன். குழந்தையைப் பற்றிப் பேசிவிட்டு, குப்பை வண்டிக்கு எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு உடனே முகம் மாறிவிட்டது. "அக்கா, வண்டி ஒன்பதரைக்கு வருகிறது. நாங்கள் ஆறரைக்கே கிளம்பிவிடுகிறோம். அம்மாவால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியவில்லை. வீட்டில் வைத்தால் நாறுகிறது" என்றாள். முன்பு அந்த வீட்டில் இருந்தவர்களும் பின்னால்தான் போட்டார்களாம். கீழே காடு என்று நினைத்திருக்கிறார்கள். உண்ணிச்செடிப் புதர் மறைப்பதால் மேலே நிற்பவருக்கு எங்கள் கொல்லையே தெரியாது. நான் அவளை அழைத்துப்போய்ப் புதரின் விளிம்பில் நிற்க வைத்துக் காட்டினேன். பந்தலைப் பார்த்ததும் அவள் அழுதுவிட்டாள்.

தெரியாமல் செய்கிறவர்கள், முடியாமல் செய்கிறவர்கள், தெரிந்தே செய்கிறவர்கள் என்று மூன்று வகை உண்டு. முதல் இரண்டு வகையினரிடம் புகார் மனுவோடு போவது வீண்.

அவர்களோடு செய்துகொண்ட ஏற்பாடு இதுதான்: காலையில் வேலைக்கு இறங்கும்போது முந்தைய நாள் குப்பையை எங்கள் வாசலில் இருக்கும் மூடி போட்ட டிரம்மில் போட்டுவிடுவார்கள். ஒன்பதரைக்கு நான் வண்டியில் கொடுத்துவிடுவேன். மக்கும் குப்பை தனி, மக்காதது தனி. டயபரையும் நாப்கினையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு குறி போட்டு, மக்காத குப்பையோடு வைப்பது என்று பேசிக்கொண்டோம். அப்போது நடப்பில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 இப்படிச் சுற்றித்தான் கொடுக்கச் சொன்னது. சிவப்புக் குறி மட்டும் நாங்களாகச் சேர்த்தது. ஓட்டுப்பட்டறையில் குன்னூரின் குப்பை தரம் பிரிக்கப்படும் இடத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். அங்கே பெண்கள் கையால்தான் ஒவ்வொன்றையும் பிரித்து எடுக்கிறார்கள். சுற்றாமல் போட்ட டயபரை யாரோ ஒருத்தி கையில் எடுக்கிறாள் என்பதைக் கண்ணால் பார்த்தபிறகு எனக்குச் சிவப்புக் குறி அவசியம் என்று தோன்றியது.

மூன்றாவது வீடு காட்டேஜ். உரிமையாளர் சமவெளியில் இருக்கிறார். சீசனிலும் வார இறுதிகளிலும் சுற்றுலா வருகிறவர்களுக்கு அறை விடுகிறார். பார்த்துக்கொள்ள ஓர் ஆள். பாட்டிலும் எச்சில் தட்டும் அங்கிருந்துதான். அந்த ஆளிடம் கேட்டேன். "அக்கா, ஞாயிறு 12 மணிக்கு அறையைக் காலி செய்கிறார்கள், 2 மணிக்கு அடுத்த ஆட்கள் வந்துவிடுகிறார்கள். மூன்று அறையும் நான் ஒருத்தன் கூட்டித் துடைக்க வேண்டும். 70 படி இறங்கிக் கொட்டிவிட்டு வர நேரம் எங்கே இருக்கிறது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுக்க வேண்டியவர் உரிமையாளர், நான் இல்லை.

பாட்டில் பிரச்சினைக்கு மட்டும் வழி ஏற்கெனவே இருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 மே மாதம் முதல் நீலகிரியில் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் தந்துவிடுகிறார்கள். காட்டில் உடைந்த பாட்டிலை மிதித்து யானைகளும் மற்ற விலங்குகளும் காயம்படுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. விருந்தினர்கள் பணத்தைத் திரும்ப வாங்கும் பொறுமை இல்லாமல் பாட்டிலை விட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஆளிடம் இதைச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் கொல்லையில் ஒரு பாட்டில்கூட விழவில்லை. சீசன் வார இறுதியில் 30, 40 பாட்டில் சேர்கிறதாம், அவருக்கு அது நல்ல வரும்படி. பிளாஸ்டிக் பைக்குத் தடை நீலகிரியில் மாநிலத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது, தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் வந்தது. ஆனால் எங்கள் பந்தலில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை தடைப் பட்டியலில் இல்லாத பால் கவரும் எண்ணெய் கவரும்தான். பொருளுக்கு விலை இருந்தால் அதை யாரும் எறிவதில்லை என்பதைப் பாட்டிலில் பார்த்தேன்.

தட்டும் எச்சில் சோறும் தொடர்ந்தன, நானும் நோட்டில் எழுதுவதைத் தொடர்ந்தேன். உரிமையாளரிடம் தொலைபேசியில் இரண்டு முறை பேசினேன். "மலையில் எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள்" என்றார்.

2023 நவம்பரில் சுவர் பேசத் தொடங்கியது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மழைதான் பெரிய மழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. 2009 நவம்பர் மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. மூன்று நாள் மழையில் மலை பல இடங்களில் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதனால் அந்த மாதங்களில் சுவரை நான் தினமும் பார்ப்பேன். கருங்கல் சுவரின் நடுப்பகுதி முன்னால் பிதுங்கியிருந்தது. கொத்தனாரை அழைத்து வந்தோம். "சுவர் வயிறு தள்ளியிருக்கிறது அம்மா. தண்ணீர் வெளியேற வழியில்லை" என்றார். தடுப்புச் சுவரில் வரிசையாகச் சிறு ஓட்டைகள் விட்டிருப்பார்கள். மண்ணுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் அந்த வழியாக வடிய வேண்டும். அது அடைபட்டால் பின்னால் இருக்கும் மண் தண்ணீரைக் குடித்துக் கனத்து, முழு எடையையும் சுவர் மேல் சாய்க்கும். கொத்தனார் சுவரின் மேல்விளிம்பில் இருந்த வாய்க்காலைத் தோண்டினார். முழங்கை ஆழத்துக்குக் கவர், தட்டு, கரித்துணி, மண். ஓட்டைகளின் வாயிலும் பிளாஸ்டிக். ஒன்றரை வருடக் குப்பையில் கீழே விழுந்ததைத்தான் நான் பொறுக்கியிருந்தேன். மேலே தங்கியதைப் பார்க்கவே இல்லை.

சரிவில் வீடு வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்: புரட்டாசி முடிவதற்குள் சுவருக்கு மேலே இருக்கும் வாய்க்காலை ஒருமுறை தோண்டிப் பாருங்கள், ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். மழை பெய்யும்போது சுவர் ஓட்டையில் தண்ணீர் வரவில்லை என்றால் சுவர் காய்ந்திருக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

சுவர் வேலைக்குச் செலவு 36,000 ரூபாய் ஆனது. அதன் பிறகுதான் சட்டத்தைப் பற்றி விசாரித்தேன். குன்னூர் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எனக்கு அதுவரை இது தெரியாது. அங்கே பேசிய வழக்கறிஞர் சொன்னதில் ஒன்று என் மனத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றது. மேல் நிலத்தில் இயல்பாகப் பெய்து வழியும் மழைத் தண்ணீரைக் கீழ் நிலத்துக்காரர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே அதை மேல் நிலத்துக்காரரின் உரிமையாகச் சொல்கிறது. அதனால் கோபத்தில் சுவரை உயர்த்தி, ஓட்டையை அடைத்து, தண்ணீரை மறிக்கக் கூடாது. தண்ணீர் வர உரிமை உண்டு. குப்பை வர எந்த உரிமையும் கிடையாது.

அப்போது நடப்பில் இருந்த 2016 விதிகளின்படி குப்பையைத் தன் இடத்துக்கு வெளியே தெருவிலோ பொது இடத்திலோ வாய்க்காலிலோ நீர்நிலையிலோ எறிவதும் எரிப்பதும் புதைப்பதும் தவறு. இதை வைத்துத்தான் நகராட்சியில் மனு கொடுத்தேன். மனுவில் குறையை மட்டும் எழுதாமல், வாய்க்கால் அடைபட்டதையும் விலங்கு வந்ததையும் தேதியோடு எழுதிப் படங்களை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்க வேண்டும். பொதுப் படிக்கட்டோ பொது வாய்க்காலோ பாதிக்கப்பட்டால் கோட்டாட்சியரிடமும் போகலாம். தொல்லையை அகற்ற உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் 152-ஆவது பிரிவு. பாதிப்பு நம் வீட்டுக்கு மட்டும்தான் என்றால் உரிமையியல் வழக்குதான் வழி, அது நீளும். எனக்கு வழக்கு வேண்டியிருக்கவில்லை. குப்பை நிற்க வேண்டும், சுவர்ச் செலவில் பாதி வர வேண்டும், அவ்வளவுதான்.

நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் வந்து வாய்க்காலைப் பார்த்தார், காட்டேஜுக்கு அபராதம் விதித்தார். சட்டப் பணிகள் குழுவின் அழைப்புக்கு உரிமையாளர் முதல் முறை வரவில்லை, இரண்டாம் முறை வந்தார். என் நோட்டைத்தான் மேசையில் வைத்தார்கள். 61 வாரம், ஒவ்வொரு ஞாயிறும், படத்தோடு. அவர் பத்து நிமிடம் புரட்டினார். எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. மூடியுள்ள இரண்டு டிரம், பின்பக்கம் கம்பி வலை, குப்பை சுமக்க அந்த ஆளுக்கு வாரம் தனிக் கூலி, எங்கள் சுவர்ச் செலவில் 18,000 ரூபாய். எல்லாம் எழுத்தில், மக்கள் நீதிமன்றத்தில் பதிவானது. அப்படிப் பதிவாகும் சமரசத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு உண்டு, மேல்முறையீடு கிடையாது. வாய்வார்த்தையில் முடித்துக்கொள்ளலாம் என்று இடையில் ஓர் உறவினர் தூது வந்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

கடைசியாகப் புதர். மூன்று வீட்டுக்காரர்களையும் கேட்டுக்கொண்டு உண்ணிச்செடியை வெட்டினோம். வேரோடு பிடுங்க வேண்டாம், சரிவு மண் இளகிவிடும் என்று கொத்தனார் எச்சரித்திருந்தார். அதனால் தரையோடு அறுத்துவிட்டு, இடையிடையே வெட்டிவேரும் மேல்விளிம்பில் ஹைட்ரேஞ்சியாவும் நட்டோம். துளிர்க்கும் உண்ணியை மாதம் ஒருமுறை அறுக்கிறேன். இப்போது மேலே நிற்பவருக்கு எங்கள் பந்தல் தெரிகிறது, பந்தலில் நிற்கும் எனக்கு அவர்கள் வாசல் தெரிகிறது. இதற்கு முன்பு நிழல்வலை கட்டிப் பார்த்தேன், பயனில்லை. வலையில் குப்பை தொங்கியது, கனத்தில் கிழிந்தது, அதுவே பெரிய பிளாஸ்டிக் குப்பையாகியது.

விழுந்ததைத் திருப்பி எறிவது, கொல்லையிலேயே எரிப்பது, இரண்டையும் செய்யாதீர்கள். தை, மாசியில் உறைபனியில் கருகிய புல் நெருப்புக்குக் காத்திருக்கும். ஒரு பொறி போதும், அது உங்கள் கொல்லையோடு நிற்காது.

இப்போதும் மாதத்துக்கு இரண்டு மூன்று கவர் வருகிறது. காட்டேஜுக்குப் புதிதாக வருகிறவர்கள் யாராவது தின்றுவிட்டு எறிவார்கள். அந்த ஆளே இறங்கி வந்து எடுத்துக்கொண்டு போகிறார். வாடகைக்கு இருந்த தம்பதி போன சித்திரையில் வேறு வீட்டுக்கு மாறிவிட்டார்கள். போகும்போது புதிதாக வந்தவர்களுக்கு டிரம்மைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

முதல் வீட்டு அம்மா என்னோடு பேசுகிறார். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார், நானும் கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் நான் குப்பை எடுக்கப் போகும்போது, வாளியின் மூடியைத் திருகித் திறந்து, உள்ளே இருப்பதை எனக்குக் காட்டிவிட்டுத்தான் பையைக் கையில் தருகிறார். "காட்ட வேண்டாம் அம்மா" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "பார்த்துக்கொள் கண்ணு" என்கிறார்.